ஐந்தாவது ஏன்

செல்லாத்தாள் மறுபடியும் போனைக் காதில் வைத்துக்கொண்டு பம்ப்செட் பக்கம் போய்விட்டாள்.

செல்வப்பிரியா ஆபீஸ் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் மாமனார் சின்னையன் போனில் ஓர் ஆர்டர் வாங்கி, அவளிடம் வாயால் சொல்லி முடித்தார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி பேக்கிங் ஷெட்டுக்கு அனுப்புவதுதான் செல்லாத்தாளின் வேலை. அவளோ ஆர்டர் வந்த கையோடு எழுந்துபோய், யாரிடமோ பேசிவிட்டு, சாவகாசமாக வந்துதான் ஏற்றுவாள். ஒவ்வொரு ஆர்டருக்கும் இதே கதை.

முதலமடையில் மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தது. இவர்கள் லாரி மட்டும் பிந்திப் பிந்திப் போய், பார்ட்டிகள் வேறு ஆள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

செல்வப்பிரியா கோயமுத்தூரில் தர மேம்பாட்டுப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள். சுவரில் பெரிய தாளை ஒட்டி, மீன் முள் மாதிரி ஒரு படம் வரைந்தாள். தாமதத்துக்கு எங்கெங்கிருந்து காரணம் வருகிறது என்று ஒவ்வொரு முள்ளிலும் எழுத வேண்டும்.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா செவுத்துல எதுக்கு அம்மிணி மீன் முள்ளு?” என்றார் சின்னையன்.

“படந்தானுங்க மாமா.”

“அப்பச் சரி.”

எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். ஏன் என்று ஐந்து முறை கேட்டால் எந்தக் கோளாறுக்கும் வேர் தெரிந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

“லாரி ஏன் லேட்டு?”

“பெட்டி கட்டி முடியலைங்க,” என்றான் பேக்கிங் பார்க்கும் ரிஜின்.

“ஏன் முடியலை?”

“ஆர்டர் லேட்டா வந்துச்சு.”

“ஏன் லேட்டா வந்துச்சு?”

“அக்கா லேட்டாத்தான் அனுப்புறாங்க.”

“நீங்க ஏனுங்கக்கா உடனே அனுப்பறதில்லை?”

“ஒரு போன் பண்ணிட்டு அனுப்பறனுங்க அம்மிணி.”

“ஏன் போன் பண்றீங்க?”

செல்லாத்தாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“பேசாட்டி அவளுக்குச் சோறு எறங்காது,” சின்னையன் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “இத்தனை வருசமா நான் வாங்குன ஆர்டர்ல ஒண்ணாச்சும் தப்பிருக்குதா, அவகிட்டயே கேளு.”

“இல்லைங்க,” என்றாள் செல்லாத்தாள். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

செல்வப்பிரியா ஒரு முள்ளின் நுனியில் ‘செல்லாத்தாள்’ என்று எழுதினாள். புது ஏற்பாட்டையும் அங்கேயே சொல்லிவிட்டாள். நாளை முதல் மாமனார் ஆர்டரை வாய்ஸ் மெசேஜாக நேரே பேக்கிங் குரூப்பில் போட்டுவிடுவார். நடுவில் மேஜை கிடையாது. செல்லாத்தாள் காய் தரம் பிரிக்கும் ஷெட்டுக்குப் போக வேண்டும்.

அங்கே நாள் முழுக்க நின்றே வேலை. செல்லாத்தாளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது என்றுதான் இந்த மேஜையே கொடுத்திருந்தது. செல்வப்பிரியாவுக்கும் அது தெரியும்.

“சொல்றதுக்கு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கக்கா.”

“ஷெட்டுல இருந்தே போன் மட்டும் பண்ணிக்கட்டுங்களா அம்மிணி?”

ரிஜின் சிரித்துவிட்டான்.

“அதுதாங்க்கா வேண்டாங்கறோம்.”

“சரிங்க.” கைப்பிடியை ஊன்றி எழுந்து, காலை மெதுவாக எடுத்துவைத்துப் போனாள்.

மறுநாள் காலை, புது முறை எப்படி ஓடுகிறது என்று பார்க்க, செல்வப்பிரியா மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எர்ணாகுளம் வியாபாரி ஜோஸ் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

“சின்னையன் சேட்டா, இன்னைக்கு செந்தூரம் மட்டும் போதும். பங்கனப்பள்ளி வேண்டா, கேட்டோ.”

“செந்தூரந்தானுங்களே, போட்டுர்றேன்.”

போனை வைத்துவிட்டு ஒரு வாய் டீ குடித்தார். பிறகு பேக்கிங் குரூப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்துக் கணீரென்று பேசினார்.

“ரிஜினு, ஜோஸுக்குப் பங்கனப்பள்ளி மட்டும் போடு. செந்தூரம் வேண்டாங்கறாரு.”

செல்வப்பிரியா அவர் முகத்தையே பார்த்தாள். அதில் ஒரு சந்தேகமும் இல்லை.

“என்ன அம்மிணி, சுருக்கா முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க மாமா.”

அடுத்த ஆர்டரில் பார்ட்டியின் ஊரே மாறிப்போனது.

பெட்டி எதுவும் கட்ட வேண்டாமென்று ரிஜினிடம் சொல்லிவிட்டு, அவள் தரம் பிரிக்கும் ஷெட்டுக்கு ஓடினாள். செல்லாத்தாள் ஒரு காலில் பாரம் போட்டு நின்றபடி காய் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“மாமாவுக்கு எப்பருந்துங்கக்கா இப்படி?”

செல்லாத்தாள் கையிலிருந்த காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “போன சீசன்ல இருந்துங்க.”

“பார்ட்டிகிட்ட மறுபடி கேட்டுத் திருத்தத்தான் போன் பண்ணுனீங்களா?”

மெல்லத் தலையாட்டினாள்.

“நேத்து அத்தனை ஏன் கேட்டேனே. கடைசி ஏனுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த முட்டியோட இங்க வந்து நிக்க வேண்டாமில்லைங்க்கா?”

“அப்பப் பெரியவரும் அங்கதானுங்க அம்மிணி உக்காந்திருந்தாரு.”