மாம்பழக் கலர் சேலை

"அம்முலு அக்கா, உன் மாம்பழக் கலர் சேலை எங்க கீது?"

"பொட்டியில. இன்னாத்துக்குக் கேக்குற?"

"பொட்டியில இல்ல. நடிகை வூட்டுக் கொடியில காயுது. என் ரெண்டு கண்ணால பாத்துட்டு வரேன்" என்றாள் பக்கத்து வீட்டு பிரிஸ்கில்லா.

அம்முலு பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தாள். சேலையைக் காணோம்.

நடிகை என்றால் ரூபமாலினி. ஒரு காலத்தில் அவள் படம் ரிலீஸ் என்றால் உத்திரமேரூர் தியேட்டரில் டிக்கெட் கிடைக்காது. இப்போது ஏரிப் பக்கம் நிலம் வாங்கி, தகர ஷெட் போட்டு, வாரத்தில் பாதி நாள் இங்கேதான் இருக்கிறாள். உள்ளே என்ன செய்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஊர் வாய்க்கு நல்ல தீனி.

அங்கே தோட்ட வேலைக்குப் போகிறவன் அம்முலுவின் புருஷன் கன்னியப்பன். கொஞ்ச நாளாக வந்ததும் வராததுமாக சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிக்கிறான். கேட்டால், "ஒண்ணுமில்லமே" என்கிறான். ஒண்ணுமில்லாததுக்கு எவனாவது இந்தக் குளி குளிப்பானா?

அம்முலு காலிப் பெட்டியை எட்டி உதைத்தாள். தீபாவளிக்கு அவனே ஆசையாக எடுத்துக் கொடுத்த சேலை.

"ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன். அந்த ஆளு அப்படிப்பட்டவன்தான்னு தெரிஞ்சுது, புள்ளைங்கள கூட்டிக்கினு தென்னேரிக்கு எங்க அம்மா வூட்டுக்கே போயிடுவேன்."

கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினாள். பிரிஸ்கில்லா சும்மா இருப்பாளா? பின்னாலேயே ஓடினாள்.

கொடியில் இப்போது சேலை இல்லை. ஷெட்டுக்குப் பின்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்முலு தடதடவென்று அங்கே போனாள்.

வயலில் ரூபமாலினி நின்றிருந்தாள். முழங்கால் வரை சேறு, கன்னத்தில் கிரீஸ், கையில் ஸ்பானர். பக்கத்தில் பல் வைத்த சக்கரத்தோடு ஒரு குட்டி வண்டி. அதன் சீட்டில், மாம்பழக் கலர் சேலையை வழித்துச் செருகிக்கொண்டு மீசையும் தானுமாக உட்கார்ந்திருந்தான் கன்னியப்பன்.

பிரிஸ்கில்லா வரப்பிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"யோவ், இன்னாய்யா கோலம் இது?"

கன்னியப்பன் முந்தானையை இழுத்து மீசையை மூடினான். நடிகைதான் பேசினாள்.

"நீங்கதான் அம்முலுவா? வாங்க. உட்கார்ந்தபடியே களை எடுக்கிற வண்டி இது. நானே செஞ்சது. ஷூட்டிங் நடுவுல கேரவன்ல உட்கார்ந்து இந்த மாதிரி எதையாவது வரைஞ்சுட்டே இருப்பேன். டயலாக் மனப்பாடம் பண்றேன்னு நினைச்சுப்பாங்க."

"அதுக்கு இவரு எதுக்குச் சேலை கட்டணும்?"

"களை எடுக்கிறது பொம்பளைங்கதானே. சேலை சக்கரத்துல சிக்குதான்னு பாக்க வேணாமா? எனக்கு சினிமாக் கட்டுதான் வருது. இவர் உங்களைப் பாத்துப் பாத்து, நீங்க சேத்துல இறங்கறப்ப கட்டற மாதிரியே கட்டறாரு."

அம்முலுவுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. மீதியை விட மனசில்லை.

"போயும் போயும் என் நல்ல சேலைதான் கெடச்சுதா?"

"நீ கயனி வேலைக்குக் கட்டுற சேலைய எடுத்தா மறுநாளே தேடுவியே" என்றான் கன்னியப்பன்.

"கட்டத் தெரிஞ்சவ நான் வூட்ல குத்துக்கல்லாட்டம் கீறேன். என்னியக் கூப்ட்டா இன்னாவாம்?"

"நானும் கூட்டிட்டு வாங்கன்னுதான் சொன்னேன். இவர் வேணவே வேணாம்னுட்டார்" என்றாள் ரூபமாலினி.

"ஏன்யா?"

கன்னியப்பன் சேறு சொட்டிய முந்தானையைப் பிழிந்தபடி சொன்னான்:

"சேலை சிக்கிச் சிக்கி தெனம் குப்புற வுளுந்துகினு கீறேன்மே. வுளுறத எல்லாம் நானே வுளுந்து முடிச்சிட்டு, அப்பால உன்னிய வண்டியில ஒக்கார வெக்கலாம்னுதான்."