ஏழாவது வரி

"மேடம், சப்போர்ட்காரங்க லைன்ல இருக்காங்க. சீக்கிரம் பேசுங்க" என்று போனை நீட்டினாள் தலைமை நர்ஸ். எதையும் ஓட்டமும் நடையுமாகவே செய்வதால் அவளுக்கு அங்கே புயல் என்று பேர். யாராவது உதவிக்குக் கூப்பிடுங்கள் என்று நிர்வாகி சொல்லி வாய் மூடுவதற்குள், சுவரில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து டயல் செய்துவிட்டாள்.

நிர்வாகிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் சின்ன நிலையம் அது. ஒன்பது பேர் எட்டு மணியிலிருந்து காத்திருந்தார்கள். யாருக்கு உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும், என்ன மருந்து, என்ன அளவு எல்லாம் நர்ஸ்களின் டேப்லெட்டில்தான் வரும். காகிதத்தைப் போன வருஷமே ஒழித்தாயிற்று. அந்த விவரங்கள் இருந்த சர்வரை நேற்று சாயங்காலம்தான் வேறு கம்பெனிக்கு மாற்றினார்கள். இன்று எந்த டேப்லெட்டைத் தொட்டாலும் 'இணைக்க முடியவில்லை' என்று ஒரே பல்லவி.

கம்பெனியை மாற்றியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது வேறு யாருமில்லை, நிர்வாகியேதான். டாக்டர் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. பத்து மணிக்குள் சரியாகாவிட்டால் ஒன்பது பேரையும் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேரப் பயணம்.

"சார், சர்வரை மாத்தினதிலிருந்து எதுவுமே கனெக்ட் ஆகல. இங்க ஒன்பது பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தருக்குக் காலெல்லாம் வீங்கி மூச்சு வாங்குது."

எதிர்முனையில் பேச்சே இல்லை.

"சார், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. பதறாதீங்க, பார்த்துடலாம். உங்க போன்ல வைஃபையை அணைச்சிட்டு, டேப்லெட்ல இருக்கிற அதே ஆப்பைத் திறந்து பாருங்க."

பார்த்தாள். பளிச்சென்று திறந்தது.

"அப்போ புது சர்வர் நல்லாத்தான் இருக்கு. கோளாறு உங்க கட்டடத்துக்குள்ளதான். ரவுட்டர் இருக்கில்ல, அதுக்குள்ள போகணும். பாஸ்வேர்ட் அதோட அடியில ஒட்டியிருக்கும்."

ரவுட்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு புயல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நிர்வாகி லேப்டாப்பில் தட்டினாள். முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவையும் தப்பு.

"மெதுவா அடிங்கம்மா. நான் எங்கயும் போயிட மாட்டேன்."

மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. பக்கம் திறக்க நேரம் பிடித்தது. பயத்தில் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"உங்களை மாதிரி பொறுமையா பேச பழைய கம்பெனில ஒரு ஆள் கிடையாது சார். எப்பக் கூப்பிட்டாலும் 'பார்த்துட்டு சொல்றோம்'னுவாங்க. பார்க்கவும் மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க. அதான் தலைமுழுகிட்டோம்."

"ம்... பக்கம் திறந்துதாம்மா?"

"திறந்துடுச்சு. வரிவரியா என்னென்னமோ இருக்கு."

"ஏழாவது வரியைப் பாருங்க. உங்க சர்வர் பேரும், பக்கத்துல ஒரு நம்பரும் இருக்கும். அது பழைய சர்வரோட விலாசம். இந்தப் பேரைக் கேட்டா இங்க போன்னு கையால எழுதி வெச்சது. உங்க டேப்லெட் எல்லாம் காலி பண்ணின வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டு நிக்குது. அந்த வரியை அழிச்சிடுங்க."

எண்ணிப் பார்த்தாள். சொல்லிவைத்தாற்போல் ஏழாவது வரி.

"பார்க்காமலே எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"எல்லாம் அனுபவம்தாம்மா."

"இதை எழுதி வெச்ச மகராசன் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும்மா. தப்புதான்."

வரியை அழித்தாள். டேப்லெட்டுகளை எல்லாம் அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார் போனில் இருந்தவர். புயல் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். முதலில் உயிர் வந்தது கால் வீங்கிய பெரியவரின் பக்கம். நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், அங்கே எல்லோருக்கும் வாத்தியார்.

"வாத்தியாருக்கு வந்துடுச்சு மேடம்."

"நான் எந்தப் பையனையும் இவ்வளவு நேரம் காக்க வெச்சதில்லம்மா" என்று மூச்சு வாங்கச் சிரித்தார் வாத்தியார்.

பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. ஒன்பது டேப்லெட்டிலும் ஒன்பது பேர். டாக்டர் எட்டிப் பார்த்தார், தலையாட்டினார், கையுறையை மாட்டிக்கொண்டார். மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. நிர்வாகிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது, அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. இத்தனை பேர் வீட்டுல இன்னைக்கு உங்களை வாழ்த்துவாங்க. உங்க கம்பெனிக்கு மாறினது நான் செஞ்ச புண்ணியம். உங்க பேரைச் சொல்லுங்க, உங்க முதலாளிக்கு இப்பவே லெட்டர் எழுதறேன்."

எதிர்முனையில் மெல்லச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"லெட்டரெல்லாம் வேண்டாம்மா. உங்க சுவத்துல நாங்க ஒட்டிட்டு வந்த நம்பரைக் கிழிச்சிட்டு, புது கம்பெனி நம்பரை ஒட்டிக்குங்க, அது போதும். ஒன்பது பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு நீங்க சொன்னதுக்கப்புறம், நேத்தோட நமக்குள்ள கணக்கு முடிஞ்சுதுன்னு சொல்லிப் போனை வைக்க மனசு வரல."