அப்பா பேரில் ஒரு குழாய்

இங்கிலாந்தில் இடித்த பழைய தேவாலயத்தின் இசைக் குழாய்களை வாங்கி வந்து, எங்கள் பாளையங்கோட்டைச் சர்ச்சில், குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் ஆர்கன் கட்டினார்கள். வீட்டுப் பெரியவர்கள் பெயரில் ஆளுக்கொரு குழாயாய்க் குடும்பங்கள் நன்கொடை கொடுத்தன.

தேவபிச்சை அண்ணாச்சி, முன்னால் நிற்கும் ஆகப்பெரிய குழாயில் செத்துப்போன அப்பா பெயரைப் பொறித்தார். அம்மா பெயருக்கு ஒரு விரல் நீளக் குழாய்.

பிரதிஷ்டையன்று முதல் பாட்டிலேயே அவருக்குக் கண் கலங்கியது. “எல்லாத்தையும் மீறிக் கேக்குதுல்லா? அது எங்கப்பா குழாய்!”

ஆராதனை முடிந்ததும் அவர் மனைவி ஞானசௌந்தரி, ஆர்கன் வாசித்த அஞ்சலினிடம் போனாள். “எங்க மாமா குழாய் நல்லாப் பேசுதும்மா.”

அஞ்சலின் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணாச்சிட்டச் சொல்லிராதீங்கக்கா. அது அழகுக்கு நிக்குது, உள்ள காத்தே போகாது. அம்புட்டுச் சத்தமாக் கேட்டது உங்க அத்த பேருல உள்ள அந்தக் குட்டிக் குழாய்தான்.”

ஞானசௌந்தரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “மாமா இருந்தவரைக்கும் எங்க வீட்டுலயும் இப்படித்தான்.”