நான்கு மில்லிமீட்டர்

அறுந்த கம்பியை மாற்றச் சொல்லி, கடைக்கு வந்த ஆள் மேசைமேல் வைத்த எலெக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்ததும் செலின் அடையாளம் கண்டுகொண்டாள். போன வருடம் அவளே செய்த கழுத்து அது, விரல்கள் கம்பியை அழுத்தும் நீள மரம். கம்பிகள் ஏறும் மேல்முனையில், வழக்கத்தைவிட நான்கு மில்லிமீட்டர் குறுகல். மூன்று மாதமாகக் காணாமல் போயிருக்கும் ஜெஸிந்தாவின் சின்னக் கைக்கு அளவெடுத்து இழைத்தது.

"யாரோடது சார்?"

"என்னோடதுதான். ரொம்ப நாளா வாசிக்கிறேன்."

புதுக் கம்பியைப் பூட்டி நீட்டினாள். "வாசிச்சுப் பாருங்க."

அவனுடைய தடித்த விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. ஒரு கம்பியை அழுத்தினால் பக்கத்துக் கம்பியும் ஊமையானது.

"கை மரத்திருக்கு" என்றான்.

"கழுத்துல கொஞ்சம் வேலை இருக்கு சார். விட்டுட்டுப் போங்க, நாளைக்குத் தரேன்."

"வேணாம்." அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சாயங்காலம் அவ வாசிச்சாகணும்."

"அப்போ இங்கயே சரி பண்ணித் தரேன் சார்" என்று செலின் கிட்டாரைத் திரும்ப வாங்கினாள். சரியாக இருந்த கம்பியைக் கழற்றி, முதலிலிருந்து, மிக மெதுவாகச் சுற்றத் தொடங்கினாள்.