மணம்: இல்லை

இயந்திர அறைக் கதவைத் திறந்தவள் உள்ளே கால் வைக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள்.

உள்ளே நின்ற அவன் திரும்பித் தன் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை. நாற்பது வருடப் பழைய கம்பிரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கிழட்டு இயந்திரமும் அதில் ஓடும் அமோனியாவும்தான் ஊர்ப் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பனித்தளத்தை உறையவைக்கின்றன. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல அவள் வந்திருந்தாள். தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்ததும் அவனுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. காலையிலேயே தரையைக் கழுவி வைத்தான். சென்ட்கூட அடித்திருந்தான்.

சென்ட் அவனுடைய புதுப் பழக்கம். கொஞ்ச நாளாக, காரில் ஏறும்போதெல்லாம் மகள் ஆரணி சொல்கிறாள்: "அப்பா, மணக்கிறீங்கள்." எட்டு வயதுப் பிள்ளை பாராட்டினால் எந்த அப்பனுக்குத்தான் தலைகால் புரியும்? மறுநாள் இன்னும் இரண்டு தடவை கூட்டி அடிப்பான்.

"அண்ணை, வெளியில வாங்கோ. இப்பவே!"

அவள் கையிலிருந்த வாயுக்கசிவு காட்டும் கருவி கீச்சிட்டது.

அவன் மூச்சை இழுத்தான்.

ஒன்றுமில்லை.

சட்டைக் காலரை மூக்கோடு வைத்து இழுத்தான். ஒன்றுமே இல்லை. சென்ட்கூட இல்லை.



இரண்டு வருடத்துக்கு முந்திய காய்ச்சலில் ருசியும் மணமும் போயின. உறைப்பு திரும்பியதும் எல்லாம் திரும்பிவிட்டதாக நம்பினான். கண் எரிந்தபோது குளிர்காலம் என்று சொட்டு மருந்து விட்டான். டிசம்பரில் கசிவு எச்சரிக்கை மணி ஓயாமல் அடித்தது. முகர்ந்து பார்த்தான். மணிதான் பழுது என்று வயரைக் கழற்றிவிட்டான்.

பனித்தளத்தில் சனிக்கிழமைச் சறுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆரணியும் அதில்தான்.

சாதாரணச் சப்பாத்தோடு பனியில் ஓடினான். விழுந்தான். எழுந்து ஓடினான். கத்தினானா, அழுதானா, தெரியாது.

எல்லாரையும் வெளியே கூட்டிவந்து கார் நிறுத்துமிடத்தில் எண்ணினான். இருபத்திரண்டு பிள்ளைகள். மறுபடி எண்ணினான். இருபத்திரண்டு.

பரிசோதிக்க வந்தவள் மூச்சு வாங்கிக்கொண்டு படிவத்தை விரித்தாள். எப்போதிருந்து கசிகிறது என்று கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை. அவனுடைய பதிவேட்டில் மணம் என்ற கட்டத்துக்கு நேரே ஒவ்வொரு நாளும் இல்லை, இல்லை என்றே இருந்தது. எல்லாம் அவன் கையெழுத்து. அதில் ஒரு நாள்கூடப் பொய் எழுதவில்லை.

ஆரணி சறுக்குச் சப்பாத்தோடு தத்தித் தத்தி வந்தாள். வாரி அணைத்துக்கொண்டான்.

அவள் இரண்டு கையாலும் அவனைத் தள்ளினாள். மூக்கைப் பிடித்தாள்.

"அப்பா, மணக்கிறீங்கள்."

காரில் அவள் எப்போதும் பின்சீட்டு. சொல்லும்போது அந்த முகத்தை அவன் இன்றுதான் பார்த்தான்.

பேனா நின்றது. வந்தவள் குனிந்து, எப்போதிருந்து என்று பிள்ளையிடம் கேட்டாள்.

"கிறிஸ்மஸுக்கு முதல்ல இருந்து," என்றாள் ஆரணி. "நான் ஒவ்வொரு நாளும் சொல்லுறனான். அப்பா சிரிக்கிறவர்."