நீலச் செருப்பு

நகுல் எழுந்தான். பால் காய்ச்சினான். மனைவி வந்தனாவின் நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு நாயுடன் செம்பூர் மைதானத்துக்குப் போனான். காலடிக்கொரு பிஸ்கட் துண்டு போட்டபடி நடந்தான். பிறகு செருப்பைக் கழற்றி நாய்க்கு மோப்பம் காட்டி, "வந்தனா எங்கே? தேடு!" என்றான்.

நாய் தடம் பிசகாமல் போனது.

நாய்ப் பயிற்சியாளர் அல்தாப் சிரித்தார். "தம்பி, அது உங்க வாடையைப் பிடிச்சுல்லா போவுது! நீங்க போட்டுப் போட்டு அவங்க வாடையே போயிருக்கும். நாளைக்கு அவங்களையே நடக்கச் சொல்லுங்க."

"அவ போன மழைக்காலத்துலேயே ட்ரெயின்லேர்ந்து விழுந்து போயிட்டா, பாய். துணியெல்லாம் அம்மா துவைச்சுட்டா. அவ வாசனை இதுல மட்டும்தான் இருந்தது."

ரயிலிலிருந்து விழுந்த அன்று காலை, வேலைக்குக் கிளம்பும்போது வந்தனா வாசலில் நின்று கடைசியாகச் சொன்னாள்: "என் செருப்பை மாட்டிண்டு போகாதே, நகுல். உன் காலுக்கு அறுந்துடும்."