நேரடி அழுத்தம்

பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். தமனி, சிரை, நேரடி அழுத்தம் என்று பலகையில் எழுதிப்போடுவேன். காயத்தில் காப்பித்தூளை அப்பாதீர்கள் என்னும் இடத்தில் மட்டும் மேசையைத் தட்டுவேன். அன்று முதலுதவி விளக்கப்படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நானே சுவரில் மாட்டினேன். அது நழுவி, கண்ணாடி உடைந்து என் முன்னங்கையைக் கிழித்தது. இரத்தம் துடித்துத் துடித்துப் பீறிட்டது. தமனி என்று தெரிந்தது. ஆனால் நான் கத்தியதோ, “ஐயோ, யாராவது காப்பித்தூள் கொண்டாங்க!”

வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கும் பேக்கிங் பிரிவு செங்கமலம்தான் ஓடிவந்தாள். ஏற்றுமதிக்குக் கட்டிவைத்த புதுப் பனியன் ஒன்றைப் பிரித்துக் காயத்தின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

“காப்பித்தூளுங்களா? வகுப்புல தூங்குனது நானுங்களா, நீங்களுங்களா சார்?”

ஆட்டோவில் என் கையை உயர்த்திப் பிடித்தபடியே வந்தாள். முதல் பனியன் நனைந்ததும் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்தாள். எனக்குக் கண் செருகியது.

“தூங்கீராதீங்க சார். அது என்ற வேலைங்க.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, “விடும்மா, நாங்க பாத்துக்கறோம்” என்றார். விரல்கள் வெளுத்துப்போயிருந்தும் செங்கமலம் விடவில்லை.

“டாக்டர் வர்ற வரைக்கும் கையெடுக்கக் கூடாதுன்னு எங்க சார் சொல்லியிருக்காருங்க.”

“எந்த சார்?”

செங்கமலம் மோவாயால் என்னைக் காட்டினாள். அவ்வளவு மரியாதையாக என்னை இதுவரை யாரும் காட்டியதில்லை.